முப்பத்தாறும் அறுபத்து மூன்றும்

“நான்தான் சார் அவனைப் பார்த்து எழுதினேன்.”

கணக்கு டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சொன்னவள் அவருடைய மாணவி. எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுவதால் பள்ளியில் அவளுக்கு ‘வக்கீல்’ என்றே பெயர். மூன்று பள்ளிக்கூடங்கள் கைகழுவிய பிறகு, டயர் கடை மாடியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்னப் பள்ளிக்கு வந்து சேர்ந்தவள். அங்கே படிக்கிற முப்பது பிள்ளைகளும் அப்படி எங்கிருந்தோ வெளியே அனுப்பப்பட்டவர்கள்தான்.

கணக்கு என்றாலே எழுந்து போய்விடுகிறவள், இரண்டே வருடத்தில் பொதுத்தேர்வில் எண்பத்தெட்டு வாங்கியிருந்தாள். டீச்சர் அதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. தேர்வு அலுவலகத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டபோதுகூட, “எங்க பொண்ணு அப்படிச் செய்யமாட்டா” என்று தைரியமாகத்தான் கிளம்பி வந்தார்.

அதிகாரியின் மேஜையில் இரண்டு விடைத்தாள்கள் இருந்தன. ஒன்று வக்கீலுடையது. இன்னொன்று, தேர்வு அறையில் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்த பையனுடையது. ஒன்பதாவது கேள்வியில் கொடுத்திருந்த எண் 63. இரண்டு பேருமே அதை 36 என்று எழுதி, அதை வைத்தே கணக்கை முடித்திருந்தார்கள்.

பையன் தலை நிமிரவேயில்லை. அவனுக்குப் பின்னால் அவன் அப்பா, வேலையிலிருந்து நேராக வந்தவர், செக்யூரிட்டி உடுப்போடு நின்றார். பக்கத்து நாற்காலியில் அவன் படிக்கும் பெரிய பள்ளியின் துணை முதல்வர்.

“அவளே ஒத்துக்கிட்டா, அப்புறம் என்ன சார்?” என்றார் துணை முதல்வர். “எங்க பையன் எங்கே, இவங்க எங்கே. அந்த ஸ்கூல்ல எப்படிப்பட்ட பிள்ளைங்க படிக்குதுன்னு ஊருக்கே தெரியும்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். “தெரிஞ்சுதான் சொல்றியாம்மா? உன் தேர்வு ரத்தாகும். மறுபடி எழுத ஒரு வருஷம் காத்திருக்கணும்.”

“தெரியும் சார்.”

அவ்வளவுதான். வக்கீல் ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை.

டீச்சருக்கு முகமெல்லாம் எரிந்தது. இரண்டு வருடம் தொண்டை வறளக் கத்தினது இதற்குத்தானா? எழுந்து போய்விடலாம் என்றுதான் பையை எடுத்தார். போகிறபோக்கில் அவளுடைய தாளை ஒரு தடவை பார்த்தார். அந்த 36-ஐப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“சார், இது இவளோட தப்பு.”

“அதைத்தான் அவளே சொல்லிட்டாளே.”

“அது இல்ல சார். இந்த முப்பத்தாறு இவளோட தப்பு.”

பையிலிருந்து அவளுடைய பயிற்சி நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். 71 இருக்க வேண்டிய இடத்தில் 17. 52-க்கு 25. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டங்கள்.

“இவளுக்கு எண்கள் இடம் மாறித் தெரியும். மூணு ஸ்கூல்ல இதை யாரும் கண்டுக்கல. மக்குன்னாங்க, இவ சண்டை போட்டா, வெளிய அனுப்பிட்டாங்க. நாங்க ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி எழுதப் பழக்கினோம். தேர்வு அறையில வாய்விட்டுச் சொல்ல முடியாதே, ஒரு இடத்துல சறுக்கிட்டா. இவளுக்கு இந்தச் சறுக்கல் வர்றது சகஜம். அந்தத் தம்பிக்கு எப்படி சார் வந்துச்சு?”

“டீச்சர், வேண்டாம்” என்றாள் வக்கீல், மெதுவாக.

எல்லோரும் பையனைப் பார்த்தார்கள். அவன் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தான்.

“அந்த ஒரு கணக்குதான் சார் வரல. அவ தாள் தெரிஞ்சுது. பார்த்துட்டேன்.”

அவன் அப்பா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

அதிகாரி வேறு வழியில்லாமல் பையனின் தேர்வை ரத்து செய்து எழுதினார். அப்புறம் வக்கீலைப் பார்த்தார். “உன் மார்க் அப்படியே இருக்கும். ஆனா என்கிட்டயே பொய் சொன்னதுக்கு உன்னை என்ன பண்றதுன்னுதான் தெரியலம்மா.”

துணை முதல்வர் எழுந்தார். “இந்தப் பையனுக்கு இனிமே எங்க ஸ்கூல்ல இடம் கிடையாது. நாளைக்கே வந்து டி.சி. வாங்கிக்கச் சொல்லுங்க.”

ஐந்து நிமிடத்துக்கு முன்பு அவன் அவருக்கு ‘எங்க பையன்’.

மாடிப்படியில் பாதி தூரம் இறங்கும்வரை டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தாங்கவில்லை.

“ஏண்டி, உனக்கு என்ன பைத்தியமா? அவன் யாரு உனக்கு? பேராவது தெரியுமா?”

“தெரியாது டீச்சர். உள்ள போறதுக்கு முன்னாடி வராந்தாவுல அழுதுக்கிட்டிருந்தான். மாட்டிக்கிட்டா ஸ்கூலை விட்டு அனுப்பிடுவாங்கன்னு.”

“அதுக்காக நீ மாட்டிக்குவியா?”

“எனக்கு ஒரு வருஷம்தானே டீச்சர் போகும். என் தேர்வு ரத்தானாலும் நீங்க நாலு திட்டு திட்டிட்டு, மறுநாள் காலைல எனக்குக் கதவைத் திறந்துதான் வெச்சிருப்பீங்க. அவனுக்கு அந்த ஸ்கூல்ல அப்படி யார் இருக்கா?”

டீச்சர் வந்த வேகத்திலேயே திரும்பிப் படியேறினார்.

துணை முதல்வர் எப்போதோ போயிருந்தார். வராந்தாவில் அப்பாவும் பிள்ளையும் மட்டும், எங்கே போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

“சார், நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குப் பையனை எங்க ஸ்கூலுக்கு அனுப்புங்க” என்றார் டீச்சர். “எங்க ஸ்கூல்ல எப்படிப்பட்ட பிள்ளைங்க படிக்குதுன்னு இப்பதான் பார்த்தீங்களே.”