இரண்டரைக்கு நீலம்

ஒன்று, முக்கால், முக்கால். எலிசியோ விரல்விட்டுக் கூட்டினான். மொத்தம் இரண்டரை சதுர மில்லிமீட்டர்.

மேலேயிருந்து வரும் மூன்று வயர்களையும் சேர்த்துப் பிடித்தால் அவ்வளவு தடிமன். அவற்றைக் கீழ்வயரோடு நசுக்கி இணைக்க நீல உறைதான். சிவப்புக்குள் நுழையாது, மஞ்சளுக்குள் நிற்காது.

கடலிலிருந்து தூக்கிய பயணிகள் கப்பல் அது. எட்டு மாதம் சேற்றில் கிடந்ததைச் செபு பட்டறைக்கு இழுத்து வந்து, வெள்ளையடித்து, வேறு பெயர் எழுதியிருந்தார்கள். நடுப்பகல் வெயிலில் தகடு கொதித்தது. உள்ளே மட்டும் ஈரவாடை போகவேயில்லை.

அவன் நடுத்தளத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கீழ்த்தளத்து அபாய மணிக்கான புது வயர், தரையிலிருந்த துளை வழியாக மேலே நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் பாபியான் கீழேயிருந்து நுழைத்துவிட்டிருந்தான். இருவரும் ஒரே பட்டறையில் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள்.

மூன்று வயர்களையும் உறையின் ஒரு வாயில் செருகினான். மறுவாயில் கீழிருந்து வந்த வயர். இடுக்கியால் இரண்டு பக்கமும் நசுக்கினான். பிறகு இழுத்துப் பார்த்தான்.

ஒருமுறை இழுத்தால் போதும். அவன் மூன்று முறை இழுத்தான்.

கீழேயிருந்தும் இழுத்தார்கள்.

மூன்று முறை. அவசரமில்லாமல், பிடிக்கிறதா என்று பார்ப்பது போல.

பாபியானின் குசும்பு. எலிசியோ சிரித்துக்கொண்டே மெதுவாக ஒருமுறை இழுத்தான். பதில் வந்தது.

அப்போது முதுகுப் பக்கமிருந்து காபி வாசனை அடித்தது.

பாபியான் ரொட்டிப் பையோடு நின்றிருந்தான். கீழே யாருமில்லை, பூட்டிவிட்டுக் கடைக்குப் போய்வந்தேன் என்றான். வயரின் மறுமுனை எதிலும் மாட்டாமல் சும்மா சுருண்டு கிடக்கிறதாம். சாவி அவன் சுண்டுவிரலில் தொங்கியது.

எலிசியோ வயரை விடவில்லை. அது அவன் உள்ளங்கையில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

பாபியான் அதைக் கவனிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பழைய வயர்த் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். காலையில் இதே துளையிலிருந்து உருவியது. நுனியில் மஞ்சள் உறை. அதன் மேல்வாய் காலியாக இருந்தது. மூன்று வயர்களும் எப்போதோ நழுவிப்போயிருந்தன. கப்பல் மூழ்கிய அன்றைக்கு மணி ஏன் அடிக்கவில்லை, கீழ்த்தளத்தில் ஒரு அறைக்கதவுகூட ஏன் திறக்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது என்றான்.

“ரெண்டரைக்குப் போய் மஞ்சள மாட்டியிருக்கான் பாருங்கண்ணே. எவன் செஞ்ச வேலையோ.”

எலிசியோ மறுகையால் அந்த உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

“அன்னைக்கு நீலம் தீந்துபோச்சு,” என்றான்.

வயர் மறுபடி இழுபட்டது. இம்முறை அது ஒரு கையின் இழுப்பு அல்ல, பல கைகளின் இழுப்பு.

இணைப்பு விடவில்லை.