துருவ ஒளி பார்க்க இரண்டு பேர்

இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் வெள்ளைக்காரத் துரை, நீண்ட லீவில் நோர்வே போய், குளிர்கால வானத்தில் தெரியும் துருவ ஒளியைப் பார்க்கத் திட்டமிட்டார். ரோசியைக் கவனித்துக்கொள்ள ஆயா மூக்காயியும் வர வேண்டுமென்று அவர் மனைவி துரைசாணி பிடிவாதமாக நின்றாள்.

"வானமே பச்சையா எரியுமாம். தெரைச்சீலை மாதிரி ஆடுமாம்ங்க" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து கணவனிடம் சொன்னாள் மூக்காயி.

"கப்பல்லயே ஒரு மாசமாச்சே. தனியா இருந்துக்குவியா?" என்றான் முனியாண்டி.

"ரோசிதான் இருக்காளே. நான் ஊட்டாட்டி அவ சாப்பிட மாட்டா. துரைசாணி எங்க ரெண்டு பேருக்கும் கம்பளிச் சட்டை பின்னிட்டாங்க."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த முனியாண்டி, கடைசியில் மனமிரங்கினான்.

"போயிட்டு வா. நம்ம சனத்துல யாரு அதெல்லாம் பாத்திருக்கா?"

பயண அனுமதி கேட்டு எழுதியதற்குக் கொழும்பிலிருந்து பதில் வந்த அன்று, யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கர் நல்லதம்பி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ரோசிக்கு அனுமதி வந்திட்டுது. உனக்குப் பாஸ்போட் தரேலாதாம்."

"ஏங்கய்யா? ரெண்டு பேருமே இந்தத் தோட்டத்துலதானே பொறந்தோம்?"

"உன்ர அப்பன் இஞ்ச பிறந்ததுக்கு அத்தாட்சி இல்லையாம். அதால புதுச் சட்டப்படி நீ இந்த நாட்டுப் பிரசை இல்லை."

மூக்காயிக்குக் கண் கலங்கியது. "ரோசியோட அப்பன் எங்க பொறந்தான்னு கேட்டாங்களாய்யா?"

நல்லதம்பி மேசையில் கிடந்த ரோசியின் தாளை எடுத்து மெல்ல வாசித்தார்.

"பிறந்த நாடு இலங்கை. நிறம் வெள்ளை. வால் கறுப்பு."