பசை காயும் வரை

பிள்ளை வீட்டார் இருபது நிமிஷம் முன்னாலேயே வந்து மணியடித்தபோது, மதுவந்தியின் இரண்டு கையிலும் நீர்மூழ்கிக் கப்பல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண்ணைப் பார்த்து, பேசி, சம்மதமும் சொல்லிவிட வேண்டும் என்று பிள்ளையின் அப்பா ராஜகோபாலன் அடையாறிலிருந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டு வந்துவிட்டார். நீரஜா பஜ்ஜிக்கு மாவுகூடக் கரைக்கவில்லை.

"இப்பத்தாம்மா பசை தடவினேன். அரைமணி கையை எடுக்கப்படாது," என்றாள் மகள், நிமிராமல்.

நீரஜாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொள்ள நேரமில்லை.

அந்தக் கப்பலின் ஜாதகமே அவளுக்கு மனப்பாடம். இரண்டாம் உலகப் போரில் இரண்டே பேர் உட்கார்ந்து போன குட்டி நீர்மூழ்கியின் மாடல். ஒரு அடி நீளம். பெட்டி பெட்டியாகப் பாகங்கள், நாலு மாசமாகச் சாப்பாட்டு மேஜை அவற்றுக்குத்தான். இன்றைக்கு மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சேர்த்து மூட வேண்டும். இரண்டு பாதியும் லேசாக வளைந்திருந்தன. ரப்பர் பேண்டு போட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும். கையால் அழுத்திப் பிடிக்காவிட்டால் வயிறு நெடுகப் பிளந்துகொள்ளும். நாலு மாச உழைப்பும் கோவிந்தா.

உள்ளே ஒருவன் பின்னால் ஒருவனாகக் கட்டைவிரல் உயரத்துக்கு இரண்டு மாலுமிகள். மூடியபிறகு அவர்களை யாரும் பார்க்கவே முடியாது. இருந்தும் சட்டைப் பொத்தான், புருவம் எல்லாம் தீட்டியிருந்தாள்.

யாருக்குத் தெரியப்போறது என்று நீரஜா ஒருநாள் கேட்டதற்கு, "அவா ரெண்டு பேருக்குத் தெரியுமே," என்றாள் மதுவந்தி.

இப்படிப்பட்ட பெண் ஆறு வரனைத் தட்டிக் கழித்துவிட்டு, ஏழாவதுக்குத்தான் 'வரச் சொல்லு' என்றிருந்தாள். பிள்ளை ஸ்ரீநாத்தின் ஜாதகம் இணையத்தில் தானாக வந்து விழுந்தது. பத்துக்கு ஒன்பது பொருத்தம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் மாடல் செய்வது என்று வேறு போட்டிருந்தான். நீரஜா அன்றைக்கே கபாலி கோவிலுக்கு ஓடிப்போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். இந்த இடம் தட்டிப்போகக் கூடாது. மூன்று நாளாக அவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

கூடத்தில் ராஜகோபாலன் வந்ததும் வராததுமாகக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மூத்தவன் தானே தேடிண்டான். அவா ஆத்து வாசப்படியை நான் இன்னிவரைக்கும் மிதிக்கலை. இவனுக்காவது பெரியவா பார்த்து, ஜாதகம் பார்த்து நடக்கணும். காதல் கீதல்னு தெரிஞ்சா அப்பவே எழுந்து போயிடுவேன்."

"அதெல்லாம் எங்காத்துல கிடையாது," என்றார் நீரஜாவின் கணவர் ரகுபதி, பெருமையாக.

பெண் ஏன் கூடத்துக்கு வரவில்லை என்பதை நீரஜா மென்று விழுங்கிச் சொன்னாள். ராஜகோபாலன் முகம் சுளித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலம் ஜெயித்தது. பிள்ளையே உள்ளே போய்ப் பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

அதுவரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஸ்ரீநாத், பரம சாதுவாக எழுந்து போனான்.

நீரஜா வாழைக்காய் சீவி, மாவில் தோய்த்து, எண்ணெயில் போட்டாள். கை பாட்டுக்கு வேலை செய்தது, மனசு மகள் உட்கார்ந்திருந்த சாப்பாட்டு அறைக்குள் இருந்தது. பெண்ணின் கையெல்லாம் பசை வாடை. தலைகூடச் சரியாகப் பின்னவில்லை. வந்தவன் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால்?

முதல் ஈடு பஜ்ஜியைத் தட்டில் எடுத்துக்கொண்டு விரைந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது.

கப்பலைச் சுற்றி நாலு கைகள். இரண்டு தலைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டிருந்தன.

"கட்டைவிரலை எடுக்காதேடா, பிரிஞ்சுடும்."

"நானா எடுக்கறேன்? போன மாசம் வாலை ஒட்டறச்சே நீதாண்டி எடுத்தே."

நீரஜா தட்டோடு கதவோரமாக ஒதுங்கினாள்.

டா. டி.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோட்டூர்புரத்தில் சிநேகிதி வீட்டுக்குப் போகிறவளுக்கு அவ்வளவு பெரிய பை எதற்கு என்பது இப்போது புரிந்தது. ஜாதகம் தானாக வந்து விழவில்லை என்பதும் புரிந்தது. பெண் பார்க்க வருகிற நாளில், சொல்லிவைத்த மாதிரி மூன்றரை மணிக்கு ஏன் பசை தடவினாள் என்பதும்தான்.

முதலில் வந்தது கோபம். இரண்டு பேர் காதையும் பிடித்துத் திருக வேண்டும் போலிருந்தது. கபாலி கோவில் வரை அலையவிட்டாளே படுபாவி. ஆனால் கோபம் கண்ணுக்கு வருவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. அப்படியொரு சந்தோஷம்.

உள்ளே இருந்த இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கவனிக்கவே இல்லை.

"என்னம்மா, பேசறாளா இல்லையா? மணி நாலாயிடுத்து," கூடத்திலிருந்து ராஜகோபாலன் குரல் வந்தது. நாற்காலி நகரும் சத்தமும் கேட்டது.

நீரஜா சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். எழுந்து வந்துகொண்டிருந்தவரின் எதிரே போய், பஜ்ஜித் தட்டை நீட்டினாள்.

"பத்து நிமிஷம் விடலாம், மாமா. இன்னும் ரெண்டு பேர் வாயிலயும் 'நீங்க'ன்னு ஒரு வார்த்தைகூட வரலை."