சக்கர் மீனுக்கு வெள்ளரி

எண்பத்து மூன்றாம் வருஷம் சரக்கெடுக்க மெட்ராஸ் போன ஜவுளிக்கடை ஜான் பாஷா, வயிறு ஒட்டிப்போகாததாகப் பார்த்து, கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்று வாங்கி வந்தார். சேலத்து வீட்டின் கண்ணாடித் தொட்டியில் அது முழங்கை நீளம் வளர்ந்தது. பாசி போதவில்லை. தினமும் சாயங்காலம் வெள்ளரிக்காயை நறுக்கி, கல்லில் கட்டி உள்ளே இறக்குவார்.

அவர் மவுத்தான பிறகு, மனைவி அமீனா பீவி போட்ட துண்டுகளை மீன் தொடவேயில்லை. அவள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருந்த இத்தா நாட்கள் முடிந்தபோது அதன் கண்கள் உள்ளே போயிருந்தன. அது சாவதைப் பார்க்க மனமில்லாமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு ராசிபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போனாள்.

சில நாள் கழித்துத் திரும்பினாள். மீன் வயிறு நிறைந்து கண்ணாடியில் ஒட்டியிருந்தது. தொட்டியின் அடியில், கல்லில் கட்டிய வெள்ளரித் துண்டு பச்சை மாறாமல் கிடந்தது.

பக்கத்து வீட்டுக் குப்பாயியிடம் விசாரித்தாள்.

"யாரும் வரலீங்க. பூட்டு பூட்டுனபடியேதான் இருந்துச்சுங்க. ஏனுங்க, எதாச்சும் காணமுங்களா?"

"இல்ல குப்பாயி. எல்லாம் இருக்கு."

மறுநாள் வெள்ளரிக்காய் வாங்கி மேசைமேல் வைத்தாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கடைவீதி வரை நடந்து வருவாள். மீன் தேறியது.

ஒருநாள் தூறல் விழ, பாதியில் திரும்பினாள். பூட்டில் சாவியை நுழைத்தபோது, உள்ளே பலகைமேல் கத்தி விழும் சத்தம் சீராகக் கேட்டது.

சாவியை உருவிக்கொண்டாள்.

"அவசரமில்லீங்க, மெதுவா நறுக்குங்க" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

மழை வலுத்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.