உள்ளங்கை இடைவெளி

காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. ஈஸ்வரன் எழுந்தான். வெந்நீர் வைத்தான். கூடத்தில் பாயை விரித்துவிட்டு மகளை எழுப்பினான்.

கண்மணி சுவரோடு ஒட்டி நின்றாள். குதிகால், பிட்டம், தோள், பின்னந்தலை நான்கும் சுவரைத் தொட வேண்டும். இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கை நுழையலாம். முஷ்டி நுழையக் கூடாது.

ஜிம்னாஸ்டிக்ஸில் பின்பக்கம் வளைந்து வளைந்து வலி கண்ட முதுகு அது. நிற்கும் விதத்தைத் திருத்தினாலே குணமாகும் என்று பள்ளிக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். பதினொரு வயதுப் பிள்ளை, கூடவே பெரியவர் ஒருவர் இருக்கட்டும் என்றும்.

"நீங்களும் நில்லுங்கப்பா. கூன் விழுந்து கெடக்கீங்க."

நின்றான். மனைவி சுகன்யா இறந்த பிறகு பத்து மணிவரை போர்வைக்குள் கிடந்தவன், இந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"இன்னைக்கு எப்படி தாயி இருக்கு?"

"வளைஞ்சா சுருக்குங்குதுப்பா." முகத்தைச் சுளித்தாள்.

அவள் வெள்ளனே பள்ளிக்குக் கிளம்பிப் போனாள். அதன் பிறகுதான், வலிக்கு அவள் கட்டும் இடுப்பு பெல்ட் நாற்காலியில் கிடப்பதைப் பார்த்தான். பிள்ளை வலியில் துடிக்குமே என்று, அதை எடுத்துக்கொண்டு அட்டுவம்பட்டியிலிருந்து பனிமூட்டத்தில் பள்ளிக்கு ஓடினான்.

பயிற்சிக்கூடத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டான். மெத்தைமேல் ஒரு சிறுமி ஓடிவந்தாள். கை ஊன்றிப் பின்புறமாக மூன்று முறை சுழன்று, ஆடாமல் அசையாமல் நின்றாள்.

கண்மணி.

கோச் ஜெயப்பிரியா அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். "வாங்க சார். நானே உங்கள வரச்சொல்லணும்னு இருந்தேன். மதுரை செலக்சனுக்கு ஏன் சார் விடமாட்டேங்கறீங்க? இவதான் மொத ஆளா வருவா."

"இந்த முதுக வச்சுக்கிட்டா?"

"முதுகுக்கு என்ன? சரியாகி ஒரு மாசமாச்சே! பிசியோ சார் எழுதிக் குடுத்தாரே, காட்டலையா? மூணு நாள் வெளியூர்ல தங்க அப்பா விடமாட்டாருன்னு சொன்னாளே."

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். முப்பது காலை. முப்பது தடவை அவள் முகம் சுளித்ததும், முப்பது தடவை இவன் அதை நம்பியதும்.

மகளைத் தனியே கூப்பிட்டான். பெல்ட்டை நீட்டினான்.

"தெனமும் மூஞ்சியச் சுளிச்சது பூராம் நடிப்பா? எங்கிட்டயும் பொய்யி, மிஸ்ஸுகிட்டயும் பொய்யி. உங்கம்மா போனப்புறம் ஒன்னைய ஒருத்தியத்தான நம்பியிருந்தேன். எதுக்குடி இப்படி ஏமாத்துன?"

கண்மணி, வழுக்காமலிருக்கக் கையில் பூசியிருந்த வெள்ளைப் பொடியைத் தொடையில் துடைத்தாள். பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலி போயிருச்சுன்னு சொன்னா, நீங்க மறுபடியும் காலைல எந்திரிக்க மாட்டீங்களேப்பா."