சத்தமில்லாத ஏலம்

மூன்றாவது மென்பொருளும் மிரியத்தின் காலை வாரிவிட்டது.

படம் வந்தது. பளிச்சென்று வந்தது. சத்தத்தை மட்டும் காணோம்.

திரையில் அச்சுவேலித் தேவாலய வளவு. அறுப்புப் பண்டிகை ஆராதனை முடிந்து ஏலம் நடக்கிறது. மேசைமேல் பூசணி, மரவள்ளி, கால் கட்டிய ஒரு சோடிக் கோழி. நடுவில் வெள்ளைச் சட்டையோடு அப்பா செல்வத்துரை ஒரு வாழைக்குலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயை அகலத் திறக்கிறார். சனம் சிரிக்கிறது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அதே அப்பா இப்போது அவளுக்குப் பின்னால் சாய்மனைக் கதிரையில் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரி தொடக்கத்தில் வந்த பாரிசவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு திரும்பிப் பார்க்கவே இல்லை. ஓம் என்றுகூடச் சொல்வதில்லை, தலையைத்தான் ஆட்டுவார்.

கொஞ்ச நாளாக அதையும் ஆட்டுவதில்லை. பார்க்க வருகிறவர்களைக் கண்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மிரியத்துக்கு அதுதான் பயம். மனிதர் மனத்தை விட்டுவிட்டால் பிறகு எந்த மருந்தும் செல்லாது.

“அவரின்ரை பழைய குரலை அவருக்கே போட்டுக் காட்டுங்கோ” என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள். பலன் இருக்குமா என்று கேட்டதற்கு, சிலருக்கு இருந்திருக்கிறது என்றாள். மிரியத்துக்கு அந்தச் சிலர் போதும்.

ஆனால் குரலுக்கு எங்கே போவது? வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கிறதுதான். போனைத் தூக்கினால் அப்பா வாயை இறுக்கிக்கொண்டு, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுபோல் விறைத்து நிற்பார். வீட்டுக்குள் இரண்டு சொல்லுக்கு மேல் செலவழிக்காத மனிதர். ஆண்டுக்கு ஒருமுறை ஏலம் கூறத்தான் அந்தத் தொண்டை திறக்கும். திறந்தால் சந்தைவரை கேட்கும்.

லண்டனிலிருக்கும் அண்ணன் றோகான் முன்னொரு முறை லீவில் வந்தபோது கொண்டுவந்த வீடியோ கமராவில் அந்தக் குரல் அகப்பட்டிருந்தது. அகப்பட்டு என்ன பிரயோசனம்? அந்தக் கோப்புகளைப் போன் திறக்கவில்லை, கொம்பியூட்டர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எம்.பி.4 ஆக மாற்றினால்தான் உண்டு என்றார்கள்.

காலையிலிருந்து அதற்கொரு மென்பொருளைத் தேடி இணையமெல்லாம் அலைந்தாள். முதலாவது, இலவசம் என்று ஆசையாகக் கூப்பிட்டு, அப்பாவின் முகத்துக்குக் குறுக்கே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தது. இரண்டாவது எல்லோரையும் பக்கவாட்டில் இழுத்துவிட்டது. ஒல்லிக்குச்சியான போதகர்கூட உருண்டு திரண்டு நின்றார். இரண்டிலும் சத்தம் இல்லை. மூன்றாவதைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

றோகானுக்கு வாட்சப்பில் அழாக்குறையாகச் சொன்னாள்.

“ஸ்பீக்கர் வயரை ஒருக்கா ஆட்டிப் பார் தங்கச்சி” என்று பதில் வந்தது.

எஞ்சினியருக்குப் படித்து லண்டனில் பெரிய வேலை பார்க்கிற ஆளின் ஆலோசனை இது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் ஆட்டிப் பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? படத்தைத் திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டுவிட்டு மேசைக்குக் கீழே தவழ்ந்து போனாள். அங்கே ஒட்டடையும் தூசியும் எப்போதோ தொலைந்த ஒரு பேனாவும் கிடந்தன. வயரைப் பிடித்து ஆட்டினாள். கழற்றி, ஊதி, மறுபடி செருகினாள்.

“ஒருதரம்...”

திடுக்கிட்டு நிமிர்ந்ததில் மேசையில் தலை இடித்தது. வலி தெரியவில்லை.

கரகரத்து, உடைந்துதான் வந்தது. மலிவு ஸ்பீக்கரில் வேறு எப்படி வரும்? ஆனால் அப்பாவின் குரல். எத்தனை மாதமாகக் கேட்காத குரல். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அண்ணனை அந்த இடத்திலேயே மன்னித்தாள்.

“அம்மா, சத்தம் வந்திட்டுது!” என்று கீழே இருந்தபடியே கத்தினாள்.

“கேக்குது, கேக்குது” என்றாள் அம்மா வினிபிரட் குசினியிலிருந்து. கையில் எடுத்த கரண்டியை அவளும் மறந்துவிட்டிருக்க வேண்டும், அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற ஓசை கேட்டது. “கொஞ்சம் குறை பிள்ளை, அயலெல்லாம் ஓடி வரப்போகுதுகள்.”

“ரெண்டுதரம்...”

மிரியம் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து, முழங்காலில் நின்றபடி ஸ்பீக்கரின் குமிழைத் திருகினாள்.

“ரெண்டுதரம்...”

குறையவில்லை. இன்னும் திருகினாள். குமிழ் இதற்குமேல் போகாது என்று முட்டி நின்றது.

“ரெண்டுதரம்...”

நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அங்கே அப்பா வாழைக்குலையைக் கீழே வைத்துவிட்டு, யாரோ நீட்டிய சோடாப் போத்தலை வாங்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

“மூண்டுதரம்!” என்றது அவளுக்குப் பின்னால், சாய்மனைக் கதிரையிலிருந்து வந்த குரல்.