எவரிஸ்ட் வீட்டு மேப்பிள்

“முதல்ல கம்பியை அறு. அப்புறம் மரத்தை அறு. வரிசை மாத்திடாதே. மரம் விழும்போது வீட்டையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடும்.”

எழுபது வயது எவரிஸ்ட், தன் வீட்டு மரத்தைப் பார்க்க வந்த கொலெட்டுக்கு இப்படித்தான் வணக்கம் சொன்னார்.

மரம் வெட்டுகிற ஆளைக் கூப்பிடச் சொல்லியிருந்தார் அவர். மனைவி லியோனி, மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவளைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேரும் ஒரே மாதிரி வண்டியில்தான் வருவார்கள் என்பதால் எவரிஸ்டுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மரம், இருநூறு வயது மேப்பிள். வீட்டுக்குத் தென்கிழக்கே நின்றது. அதன் உடம்பைத் துளைத்து ஓர் இரும்பு வளையம். வளையத்திலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி புறப்பட்டு, வீட்டுச் சுவருக்குள் நுழைந்து, மூலைத்தூணில் முடிந்தது. எவரிஸ்டின் தாத்தா கட்டியது. மரம் சாயாமல் இருக்க என்று ஷெட்டிகாம்ப் ஊருக்கே தெரியும்.

காப்பீட்டுக் கம்பெனிக்கு மட்டும் அது போதவில்லை. கிழட்டு மரம் வீட்டின் மேல் விழும் அபாயம் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் அகற்றாவிட்டால் வீட்டுக்குக் காப்பீடு கிடையாது என்று கடிதம் வந்திருந்தது. இன்றைக்கு நவம்பர் இருபத்தெட்டு. போதாததற்கு நாளை மதியம் ‘சுவெத்’ வரும் என்று வானொலி சொல்லிவிட்டது. சுவெத் என்பது மலையிலிருந்து இறங்கும் தென்கிழக்குக் காற்று. லாரிகளைக் குப்புறப் போட்டுவிட்டு, அதுபாட்டுக்குக் கடலுக்குள் போய்விடும்.

“மரத்தடியில நிக்கணும்னா ஹெல்மெட் போட்டுக்கோங்க ஐயா.”

“இந்தத் தொப்பி சர்ச்சுல மட்டும்தான் கழலும். பாதிரியாரைக் கூட்டிட்டு வந்திருக்கியா?”

கொலெட் மரச்சுத்தியலை எடுத்து, அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் காதை வைத்துக் கேட்டாள்.

“உள்ளே யாராவது இருக்காங்களா டாக்டரம்மா?” என்று எவரிஸ்ட் விசாரித்தார்.

பிறகு கயிறு போட்டு ஏறினாள். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்து, பட்டுப்போன கிளை இரண்டே இரண்டு என்றாள். மற்றதில் எல்லாம் அடுத்த வசந்தத்துக்கான மொட்டு இப்போதே தயார். லியோனி முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக கொலெட் மண்டியிட்டு, வேர்மேல் இருந்த மண்ணை விலக்கினாள். கை பாதியில் நின்றது. வீட்டுப் பக்கத்து வேர்கள் சாதாரணமாக இருந்தன. எதிர்ப்பக்கத்து வேர் ஒவ்வொன்றும் கவிழ்த்த படகு போலப் புடைத்து, பாறையைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருந்தது. பாறை விட்டுக்கொடுத்திருந்தது.

“இருபது வருஷமா மரம் பார்க்கிறேன். இப்படி ஒரு வேரைப் பார்த்ததில்லை” என்றாள், தாழ்ந்த குரலில்.

“எங்களை விட்டு ஓடப் பாக்குது. எண்பது வருஷமா எங்க வீடுதான் அதைப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கு. ஒரு நாள் நன்றி சொன்னதில்லை.”

வீடு எப்போது கட்டியது என்று கேட்டாள். எவரிஸ்ட் காத்திருந்த கேள்வி. வீடு இங்கே கட்டியதே இல்லை. எதிர்த் தீவில் இருந்ததைத் தாத்தா சறுக்குக்கட்டைமேல் ஏற்றி, உறைந்த கடல்மேல் பதினாறு எருதுகள் பூட்டி, அடுப்பு அணையாமல் இழுத்து வந்து, இந்த மரத்துப் பக்கத்தில் இறக்கினார். கொலெட்டின் அப்பா இந்தக் கதையைக் கேட்ட காலத்தில் எருதுகள் பன்னிரண்டு.

“இறக்கி வெச்சுட்டு?”

“வெச்சுட்டு என்ன, குடியிருந்தாரு.”

கொலெட் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போனாள். தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தவள், கம்பியைத் தான் அறுக்கப்போவதில்லை என்றாள்.

எவரிஸ்ட் அவள் பெட்டியிலிருந்து கம்பி வெட்டும் கத்தரியைத் தாமே எடுத்தார். லியோனி குறுக்கே வந்து நின்றார். நாற்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக, நகரமாட்டேன் என்றார். எவரிஸ்ட் அவரைச் சுற்றிக்கொண்டு போய், கத்தரியின் வாயைக் கம்பியில் வைத்தார்.

அப்போதுதான் மலைப்பக்கமிருந்து ஒரு வீச்சு வந்தது. நாளைய காற்றின் முன்னோட்டம். மேலே கிளைகள் வீட்டை நோக்கிக் குனிந்து நிமிர்ந்தன. அடிமரம் மயிரிழைகூட அசையவில்லை. கம்பி பிடில் தந்தி மாதிரி விறைத்து ரீங்கரித்தது. சமையலறையில் கோப்பைகள் கிலுகிலுத்தன.

“பார்த்தியா, எப்படி இழுக்குதுன்னு” என்றார் எவரிஸ்ட்.

“காத்து மரத்தை வீட்டுப் பக்கம்தானே தள்ளுது? அப்போ கம்பி தொய்யணும் ஐயா. ஏன் இறுகுது?”

கத்தரி அப்படியே நின்றது.

“அடியில போய்ப் பார்த்தேன். பதினாலு கல்லு. அதுமேல உங்க வீடு சும்மா உக்காந்திருக்கு, ஒரு ஆணி கிடையாது” என்றாள் கொலெட். “உங்க தாத்தா மரத்தை வீட்டுல கட்டலை. வீட்டைத்தான் மரத்துல கட்டியிருக்காரு.”

எவரிஸ்ட் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.